ஃபெட் சிமுலேஷன்: அரைச்சுவர் வகுப்பறையில், 40 நிமிடத்துக்குள் எவ்வளவு உதவும்?

வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து முடித்து, உள்ளகப் பயிற்சிக்கென்று மல்லாவிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ போகிற இளம் விஞ்ஞான ஆசிரியருக்கு முதல் மாதமே இரண்டு தலையிடி வரும். ஒன்று, நாளாந்தப் பாடக் குறிப்பு. மற்றது, "ரீச்சர், மல்ரிமீடியா ரூமில பாடம் எடுக்கேலாதோ?" என்ற பிள்ளைகளின் கேள்வி. பலர் இந்த இரண்டையும் வேறு வேறு வேலையாகவே பார்க்கிறார்கள். குறிப்பை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு, வகுப்புக்குப் போகும்போது யூரியூப் வீடியோ ஒன்றைத் தேடுகிறார்கள். பரிசோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் ஃபெட் சிமுலேஷன்களை இப்படிப் பாவித்தால் ஒரு பயனும் இல்லை. பாடக் குறிப்பு எழுதும் மேசையிலேயே திறந்து வைத்துப் பாவித்தால், இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் இதற்கு நிகரானது விஞ்ஞான பாடத்துக்கு வேறில்லை.

ஃபெட்டை 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்தைய ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சிமுலேஷன்கள் ஃபெட் இணையத்தளத்தில் கிடக்கின்றன. ஓட்டிப் பார்க்கவோ இறக்கிக்கொள்ளவோ காசும் கேட்பதில்லை, பெயர்ப் பதிவும் கேட்பதில்லை. மற்ற ஆசிரியர்கள் எழுதிப் போட்ட செயற்பாட்டுத் தாள்களை எடுக்க மட்டும் இலவசக் கணக்கொன்று திறக்கவேண்டும். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் தவணைக்கு அவை இல்லாமலே சமாளிக்கலாம்.

வன்னிக்கு இது பொருந்துவதன் முதற்காரணம், ஒவ்வொரு சிமுலேஷனும் ஒரேயொரு கோப்பு என்பதுதான். சில எம்பி அளவு. கிளிநொச்சி ரவுணில் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டால், அதன் பிறகு சிக்னல் இல்லாத பாடசாலையிலும் ஓடும். தமிழ்க் கோப்பின் பெயர் கடைசியில் அடிக்கோடும் 'டிஏ' என்ற இரண்டு எழுத்தும் கொண்டிருக்கும், ஆங்கிலக் கோப்பு 'இஎன்' என்று முடியும். இரண்டையும் இறக்கி வையுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் 'டொகியுமன்ட்' ஆக அனுப்பவேண்டும்.

கோப்பைத் திறக்கும் இடத்தில்தான் முதல் சிக்கல் வரும். அன்ட்ரொயிட் போனில் கோப்பைத் தட்டினால், சில போன்கள் தம்மிடமுள்ள 'எச்ரிஎம்எல் வியூவர்' என்ற செயலியில் அதைத் திறந்து வெறும் வெள்ளைத் திரையைக் காட்டும். கோப்பு பழுதென்று நினைத்து அழித்துவிட வேண்டாம். 'ஓப்பன் வித்' என்பதை அழுத்திக் குறோம் உலாவியைத் தெரிவுசெய்தால் ஓடிவிடும். கணினி அறையில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகள் இருந்தால், அதில் ஏற்றக்கூடிய கடைசிக் குறோம் 109ஆம் பதிப்பு. இருபரிமாணப் படங்களால் ஆன சிமுலேஷன்கள் அதில் ஓடக்கூடும். அடர்த்தி, மூலக்கூற்று வடிவம் போன்ற முப்பரிமாணப் படங்களுக்கு வெப்ஜிஎல் (உலாவியில் முப்பரிமாணப் படம் வரையும் வசதி) வேண்டும், பழைய கணினிகள் அங்கே திணறும். எந்தக் கணினியில் எது ஓடுகிறது என்பதை முதல் நாள் பின்னேரமே பார்த்து, மொனிற்றரின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

இனிப் பாடக் குறிப்பு. ஆசிரியர் வழிகாட்டியில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றல் பேறு எல்லாம் தரப்பட்டிருக்கின்றன. புதியவர்கள் அவற்றைப் பார்த்து எழுதிவிட்டு, 'தர உள்ளீடு' (பாடத்துக்கு வேண்டிய சாதனங்கள்) என்ற இடத்தில் 'பல்லூடக எறியி, ஃபெட்' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆசிரிய ஆலோசகர் வந்து பார்த்தால் குறிப்பில் குறை தெரியாது. குறை வகுப்பில்தான் தெரியும், ஏனென்றால் சிமுலேஷனைத் திறந்த பிறகு என்ன கேட்பது என்று குறிப்பில் இல்லை. எழுதவேண்டியது மூன்று விடயம்: பிள்ளைகள் எதை முன்கூட்டிச் சொல்லவேண்டும், திரையில் எந்த எண்ணைப் பார்க்கவேண்டும், அந்த எண் அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கேள்வி என்ன. இந்த மூன்றும் இல்லாத சிமுலேஷன் பாடம் வெறும் படக் காட்சிதான்.

பத்தாம் தரத்து ஓட்டமின்னியலை எடுத்துப் பார்ப்போம். இதற்கான சிமுலேஷன் நேரோட்ட மின்சுற்று அமைக்கும் தொகுதி (ஆங்கிலத்தில் 'சேர்கிட் கொன்ஸ்ட்ரக்ஷன் கிட்: டிசி'). ஃபெட்டில் ஒன்றை மட்டும் பழகலாமென்றால் இதையே சொல்வோம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டுகிற சின்னச் சின்ன அலங்காரப் பல்ப் மாலையைப் பார்க்காத பிள்ளை முல்லைத்தீவில் இல்லை. அந்த மாலையில் சிலவேளை ஒரு துண்டு மட்டும் நூர்ந்து கிடக்கும், மற்றத் துண்டுகள் எரிந்துகொண்டிருக்கும். "ஒரு பல்ப் போனா எல்லாம் நூரவேணும், இல்லாட்டி அது ஒண்டுதான் நூரவேணும். ஏன் ஒரு துண்டு மட்டும் நூருது?" பாடத்தைத் தொடங்கும் ஈடுபடல் கட்டத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். ஆனால் 230 வோல்ற்றில் எரிகிற அந்த மாலையை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். கேள்வியை மட்டும் கொண்டுவாருங்கள்.

விடையைச் சிமுலேஷனில் கட்டுவது இப்படி. ஒரு பற்றரியை இழுத்து வையுங்கள். அது 9 வோல்ற்றுடன் வரும். அதைத் தட்டினால் கீழே நகர்த்தி தோன்றும், 30 வோல்ற்றுக்கு ஏற்றுங்கள். மின்குமிழ் ஒவ்வொன்றும் 10 ஓம் தடையுடன் வரும், அதை மாற்றவேண்டாம். மூன்று குமிழைத் தொடராக ஒரு வரிசை, இன்னும் மூன்றைத் தொடராக இரண்டாவது வரிசை. இரண்டு வரிசையையும் பற்றரிக்குச் சமாந்தரமாக இணையுங்கள். ஒரு வரிசையின் தடை 30 ஓம், எனவே அதனூடாக 1 அம்பியர், பற்றரியிலிருந்து மொத்தம் 2 அம்பியர். இனி ஒரு குமிழைத் தட்டிக் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்துங்கள். அந்த வரிசை முழுதும் நூரும். மற்ற வரிசை முன்பிருந்த அதே பிரகாசத்தில் எரியும். பற்றரிப் பக்க அம்பியர்மானி 2 இலிருந்து 1க்கு இறங்கும். 30 வோல்ற்று என்று எடுத்தது எண்கள் முழுவெண்ணாக வருவதற்காகத்தான். 9 வோல்ற்றிலேயே விட்டால் 0.3, 0.6 என்று வரும், குமிழும் மங்கலாக எரியும். பின் கதிரையில் இருக்கிற பிள்ளைக்கு நூர்ந்ததும் எரிவதும் ஒன்றுபோலவே தெரியும்.

முதன்முறை கட்டுகிறவர்கள் தடுமாறும் இடங்களும் உண்டு. கம்பியின் முனையிலுள்ள சிறு வட்டத்தை மற்ற முனைக்கு மேல் சரியாகக் கொண்டுபோய் விடவேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகும். பக்கத்தில் வைத்தால் பார்வைக்குத் தொட்டதுபோல் இருக்கும், ஓட்டம் வராது. இணைந்த முனையைப் பிரிக்க, அதைத் தட்டிக் கத்தரிக்கோல் குறியை அழுத்தவேண்டும். வோல்ற்றுமானியில் கேள்விக்குறி தெரிந்தால் அதன் முனை எதையும் தொடவில்லை என்று பொருள். அம்பியர்மானியைப் பற்றரிக்குச் சமாந்தரமாகப் போட்டால் குறுஞ்சுற்றாகிப் பற்றரியில் நெருப்புப் படம் எழும்பும். இதைத் தவறென்று மூடி மறைக்கவேண்டாம். அம்பியர்மானியை ஏன் தொடராகத்தான் இணைக்கவேண்டும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் அந்த நெருப்பைப் போலப் பதியாது. ஆய்வுகூடத்து உண்மையான அம்பியர்மானியில் இதைச் செய்து காட்டவும் முடியாது.

தொடங்கும்போது திரையில் ஓடுவது நீல நிற இலத்திரன்கள். எங்கள் பாடநூலில் மின்னோட்டத்தின் அம்புக்குறி நேர் முனையிலிருந்து மறை முனைக்குப் போகும். இலத்திரன்கள் போவதோ எதிர்த்திசையில். முன்னறிவித்தல் இல்லாமல் திறந்தால், கவனமாகப் பார்க்கிற பிள்ளைதான் முதலில் குழம்பும். பக்கத்திலுள்ள தெரிவில் வழக்கமான ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். இலத்திரன் ஓட்டத்தை விளக்கல் கட்டத்தில் வேண்டுமென்றே மாற்றிக் காட்டுங்கள். இரண்டு திசைக்குமுள்ள வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் முடிக்கலாம். உண்மைப் படத்திலிருந்து சுற்றுப் படத்துக்கு மாற்றும் பொத்தானும் உண்டு. பரீட்சையில் வருவது சுற்றுப் படம் என்பதால் அதைக் கட்டாயம் பாவியுங்கள். பல்ப் மாலைச் சுற்றைப் பிள்ளைகள் முதலில் கொப்பியில் குறியீடுகளால் வரையட்டும், பிறகு பொத்தானை அழுத்தி ஒப்பிடட்டும்.

நேரக் கணக்கு இதைவிட முக்கியம். பாடவேளை 40 நிமிடம் என்று குறிப்பில் எழுதலாம். பிள்ளைகள் வகுப்பிலிருந்து மல்ரிமீடியா அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, இருந்து முடிய 5 நிமிடம் போய்விடும். மிஞ்சும் 35 நிமிடத்தைத்தான் திட்டமிடவேண்டும். கேள்வியும் கையுயர்த்தி முன்கூட்டிச் சொல்வதும் 4 நிமிடம். இரண்டு உலர்கலமும் இரண்டு ரோச் பல்ப்பும் வைத்து உண்மையாக இணைத்துப் பார்ப்பது 9 நிமிடம். சிமுலேஷன் 10 நிமிடம். விளக்கமும் கொப்பியில் வரைவதும் 7. மதிப்பிடல் 5. சிமுலேஷனுக்குப் பத்து நிமிடந்தானா என்று தோன்றும். அதற்கு மேல் போனால் மதிப்பிடல்தான் அடிபடும், ஒவ்வொரு நாளும் அதுதான் அடிபடுகிறது. பிள்ளைகள் தாமே குழுவாகச் சுற்றுக் கட்டவேண்டுமென்றால் ஒற்றைப் பாடவேளையில் முயலவேண்டாம், இரட்டைப் பாடவேளைக்கு வையுங்கள். ஃபெட் குழுவினரே முதல் 5 முதல் 10 நிமிடம் பிள்ளைகளைச் சும்மா விளையாட விடச் சொல்கிறார்கள். சரியான ஆலோசனைதான். பற்றரியை எரித்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வேலைக்கு வராது.

உண்மைச் சுற்றைச் சிமுலேஷனுக்கு முன் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிமுலேஷனில் கம்பி ஒருபோதும் தளராது, கலம் ஒருபோதும் இறங்காது. அங்கே ஒரு குமிழுக்குச் சமாந்தரமாக இன்னொன்றை இணைத்தால் முதற்குமிழின் பிரகாசம் கொஞ்சமும் குறையாது, ஏனென்றால் தொடக்கத்தில் பற்றரிக்கு அகத்தடை (அதன் உள்ளேயே இருக்கும் தடை) இல்லை. கடையில் வாங்கும் உலர்கலத்துக்கு அகத்தடை உண்டு, அதனால் உண்மையான ரோச் பல்ப் சற்று மங்கும். பழைய கலமென்றால் நன்றாகவே மங்கும். இதைப் பார்த்த பிள்ளை "சேர், கொம்பியூட்டரில குறையேல்ல, இதில குறைஞ்சது" என்று சொன்னால் அதுதான் அந்தப் பாடத்தின் மிக நல்ல கணம். சிமுலேஷனின் 'ஆய்வுகூடம்' என்ற திரையிலுள்ள மேலதிகத் தெரிவுகளில் பற்றரியின் அகத்தடையை ஏற்றும் நகர்த்தி இருக்கிறது. அதை ஏற்றிக் காட்டுங்கள், திரையிலும் மங்கும். இதேபோல உண்மைக் குமிழின் இழை சூடாகத் தடையும் கூடும், சிமுலேஷனின் சாதாரணக் குமிழ் எப்போதும் 10 ஓம். அதனால் இரண்டு குமிழைத் தொடராக இணைத்தால் திரையில் ஓட்டம் சரிபாதியாகும். மேசையில் சரிபாதியாகாது. இந்த வேறுபாடு தெரியாத ஆசிரியர் உபகரணம் பழுதென்று சொல்லிவிடுவார், பிள்ளையும் அதை நம்பிவிடும்.

தமிழ்ப் பதிப்பைப் பற்றி. எல்லாச் சிமுலேஷனும் தமிழில் இல்லை. இருப்பவை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கும் எங்கள் பாடநூல் வழக்கும் விஞ்ஞானத்தில் நிறைய வேறுபடும். அங்கே எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான். இங்கே இலத்திரன், புரோத்தன், நியூத்திரன். அங்கே ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன். இங்கே ஒட்சிசன், ஐதரசன், காபன். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே பக்க இணைப்பு, இங்கே சமாந்தரம். ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கு 'முடுக்கம்' என்ற சொல் ஆங்கிலச் சொல்லைவிட அந்நியமாக இருக்கலாம். அதனால்தான் இரண்டு கோப்பையும் இறக்கச் சொன்னோம். தமிழ்க் கோப்பைத் திறந்து திரையிலுள்ள சொற்களைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று சொல் மட்டும் வேறென்றால் கரும்பலகை ஓரத்தில் சோடி சோடியாக எழுதிவிட்டுத் தமிழிலேயே காட்டுங்கள். பாதிக்கு மேல் வேறென்றால் ஆங்கிலக் கோப்பைப் பாவித்து, பாடநூல் சொல்லை வாயால் சொல்வதே நல்லது. பரீட்சை வினாத்தாள் பாடநூல் வழக்கில்தான் வரும். எங்கள் கலைச்சொற்களில் மொழிபெயர்ப்பு இல்லாதது உண்மையான குறை. அதைத் தீர்க்க வழியும் இருக்கிறது: மொழிபெயர்க்க விரும்புகிறவர்களுக்கு ஃபெட் கருவி தருகிறது. வலய மட்டத்தில் நான்கு விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை.

மற்றச் சிமுலேஷன்களில் அணுவைக் கட்டும் சிமுலேஷன் எல்லோரும் முதலில் எடுப்பது. அழகானது. ஆனால் அதில் புரோத்தன் 10, இலத்திரன் 10, நியூத்திரன் 13 மட்டுமே உண்டு. அதாவது நியோனோடு முடிந்துவிடும். பத்தாம் தரத்தில் முதல் 20 மூலகங்களின் இலத்திரன் நிலையமைப்பு வேண்டும். சோடியமும் குளோரினும் கட்டமுடியாது. இது தெரியாமல் சோடியம் குளோரைட்டுக்கென்று பாடக் குறிப்பு எழுதினால் வகுப்பின் நடுவில் கைவிட்டுவிடும். முதல் பத்தை இதிலும், மிச்சப் பத்தைக் கரும்பலகையிலோ, தரையில் கோலப்பொடியால் வட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்தோ செய்யலாம். சமன்பாடு சமப்படுத்தும் சிமுலேஷன் மீட்டலுக்கு நல்லது. மூன்று மட்டத்தில் விளையாட்டு இருக்கிறது. முதல் மட்டம் மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் போகும்.

திரையும் வெளிச்சமும். அரைச்சுவர் வகுப்பறையில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு மல்ரிமீடியா புரொஜெக்டரின் படம் வெளிறிவிடும். படத்தைப் பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது பிழை. 100 அங்குலப் படத்தை 70 அங்குலமாகச் சுருக்கினால் அதே ஒளி பாதிப் பரப்பில் விழுந்து, படம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரகாசமாகும். புரொஜெக்டரை முன்னுக்குத் தள்ளி, பிள்ளைகளை நெருக்கி இருத்துங்கள். திரைக்குப் பக்கத்திலுள்ள இரண்டு இடைவெளியைக் கறுப்புப் படங்குத் துணியால் மறைத்தாலே போதும், முழு வகுப்பையும் இருட்டாக்கத் தேவையில்லை. வெக்கையில் முழுதும் மூடினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். சடப்பொருளின் நிலைகள் போன்ற கறுப்புப் பின்னணிச் சிமுலேஷன்களில், விருப்பத் தெரிவுகளுக்குள் 'புரொஜெக்டர் மோட்' இருக்கிறது. அதைப் போட்டால் பின்னணி வெள்ளையாகும், வெளிச்சத்திலும் துணிக்கைகள் தெரியும். இது பலருக்குத் தெரியாது.

சோளகக் காற்றுத் தொடங்கினால் செம்மண் புழுதி புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை அடைக்கும். 'வெப்பநிலை' என்று எச்சரிக்கை காட்டித் தானே நின்றுவிடும். பக்கத்து மூடியைக் கழற்றி, வடிகட்டியை மெல்லிய தூரிகையால் துடைக்கவேண்டும். வாயால் ஊதினால் தூசி உள்ளே போகும். அந்த மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை செய்யுங்கள்.

சிமுலேஷனின் இன்னொரு குறை, கட்டிய சுற்றைச் சேமித்து வைக்க வழி இல்லை. கீழே வலப்பக்கத்துச் செம்மஞ்சள் வட்டத்தில் கை பட்டாலும் எல்லாம் அழிந்துவிடும். ஆறு குமிழ்ச் சுற்றை வகுப்புக்கு முன்னால் நின்று கட்டினால் 6 நிமிடம் போய்விடும். காலையில் கட்டிவிட்டு லப்டொப்பை நிறுத்தாமல் உறங்கு நிலையில் விடுங்கள். மெனுவில் திரையை அப்படியே படமாகப் பிடிக்கும் வசதி இருக்கிறது. கட்டிய சுற்றின் படத்தையும், குமிழை அகற்றிய பிறகுள்ள படத்தையும் பிடித்துப் போனில் வையுங்கள்.

கரண்ட் போகும் நாளுக்கு அந்த இரண்டு படமும் உதவும். விளக்குள்ள புரொஜெக்டர் திடீரென்று நின்றால் விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கி விளக்கின் ஆயுள் குறையும். சாதாரண யூபிஎஸ் ஒன்று சில நிமிடம் தாங்கினாலே முறைப்படி நிறுத்திவிடலாம். பிறகு பாடத்தைக் கரும்பலகைக்கு மாற்றுங்கள். இரண்டு வரிசை, ஆறு குமிழ், 30 வோல்ற்று. அம்பியர்மானியின் இடத்தில் வெற்றுப் பெட்டி. எண்ணைப் பிள்ளைகள் கணித்து எழுதட்டும். பிறகு போனிலுள்ள படத்தில் சரிபார்க்கலாம்.